ஏரிச்சாலைக் குதிரைகளுக்கு ஒரு மண்பாதை வேண்டும்

கொடைக்கானல் நகராட்சி நிர்வாகத்தினருக்கும், வனத்துறை அலுவலர்களுக்கும், ஏரிக்கரையில் குதிரை வைத்துப் பிழைக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் அமைத்த நம் ஏரியைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீட்டர் தார்ச்சாலை ஓடுகிறது. சுற்றுலா வேன், கார், வாடகை சைக்கிள், நடந்து செல்லும் குடும்பங்கள் என அனைவருக்கும் உரிய அதே சாலையில்தான் குதிரைச் சவாரியும் நடக்கிறது. சவாரியை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. பல வீடுகளில் அடுப்பெரிவது அந்த வருமானத்தில்தான். மரங்கள் அடர்ந்த, வாகன இரைச்சல் எட்டாத ஓரிடத்தில், முறையாகத் திட்டமிட்ட ஒரு மண்பாதைக்குச் சவாரியை மாற்றுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பனி இறங்கிய காலையில் தார்ச்சாலையில் நடக்கும் குதிரையின் பின்னங்காலைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். வளைவில் இரும்பு லாடம் வழுக்கும். குதிரை இடுப்பைத் தாழ்த்தித் தன்னைச் சமாளித்துக்கொள்ளும். மேலே இருக்கும் குழந்தை பயந்து கடிவாள வாரை இழுக்கும். வாயில் வலி ஏறிய குதிரை தலையை உதறும். அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு வேன் ஒலியெழுப்பினால் என்ன ஆகும் என்பதைக் குதிரைக்காரர்களே நன்கு அறிவார்கள். கடினமான தளத்தில் நாள் முழுவதும் நடப்பதால் மூட்டும் குளம்பும் அடையும் தேய்மானம் இதற்கும் மேலானது.

பாதை எங்கே அமைய வேண்டும் என்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. இயற்கையாகவே வளர்ந்த மலைக்காடான சோலைக்காட்டுக்குள் குதிரை நுழையவே கூடாது. அங்குள்ள மென்மையான மண் குளம்பு பட்டால் குழைந்துவிடும், இளங்கன்றுகள் மிதிபடும், குதிரைச் சாணத்தோடு களைவிதைகளும் காட்டுக்குள் சேரும். 2013-இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்கு சரணாலயத்தின் எல்லையையும் மதித்தாக வேண்டும். எனவே, சட்டம் இடம் கொடுக்கும் பகுதியில், நாமே நட்டு வளர்த்த பைன், வாட்டில் தோப்புகளுக்கு இடையே ஏற்கெனவே இருக்கும் பழைய வண்டித்தடங்களை இணைத்து, புதிதாக ஒரு மரத்தையும் வெட்டாமல், 4 கிலோமீட்டருக்கு மேற்படாத வட்டப்பாதை ஒன்றை வகுக்கலாம். நடை வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிட முடியும். மழை மாதங்களில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில், மண் இறுகும்வரை பாதையை மூடிவிடுங்கள். காட்டுமாடுகள் மேயும் விடியற்காலையிலும் அந்தியிலும் சவாரி வேண்டாம். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. அதுபோலவே பாதையில் ஒரே நேரத்தில் எத்தனை குதிரைகள் செல்லலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும்.

புறப்படும் இடத்தில் கல்லால் ஒரு மேடை கட்டினால் பெரிய உபகாரமாக இருக்கும். தரையிலிருந்து தாவி ஏறுகிறவரின் எடை சேணத்தை ஒரு பக்கமாக இழுத்துக் குதிரையின் முதுகை முறுக்குகிறது. மேடையிலிருந்து ஏறினால் அந்த வேதனை இல்லை. சேணம் பூட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பதால், பத்து நிமிடம் நடந்தபின் வயிற்று வாரை மறுபடியும் இறுக்கிப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். அனுபவமுள்ள, சாதுவான குதிரை முன்னே செல்லட்டும். உதைக்கும் குணமுள்ளது வாலில் சிவப்பு நாடாவோடு கடைசியில் வரட்டும். இடையே ஒரு குதிரை நீளமாவது இடைவெளி இருக்கட்டும். ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் தலைக்கவசம் தேவை.

எடை விஷயத்தில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவே உச்சவரம்பு என்று வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளின் வதையைத் தடுக்கும் 1965-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. முள் பதித்த கடிவாளத்தையும் அவை தடை செய்கின்றன. தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரை மீது ஏற்றலாகாது என்பது பயிற்சியாளர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு. அப்படியானால் 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை சேணத்தையும் சேர்த்து 60 கிலோதான் சுமக்கலாம். கூடுதல் கட்டணம் தருகிறேன் என்பவருக்காக இதைத் தளர்த்தினால் பாதை போட்டும் பயனில்லை. சீட்டு கொடுக்கும் இடத்திலேயே ஓர் எடைக்கருவியை வைத்துவிடுங்கள். வாடிக்கையாளரிடம் மறுப்புச் சொல்லும் சங்கடம் குதிரைக்காரருக்கு இராது. மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைக் கால்நடைத்துறை மூலம் ஆண்டுதோறும் செய்து, சான்று பெற்ற குதிரைகளை மட்டும் பாதையில் அனுமதியுங்கள்.

பாதையை ஏலம் விட்டு வெளியூர் ஒப்பந்ததாரர் கையில் ஒப்படைத்துவிடக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் குதிரைகளின் குணமும் நடையும் இன்று அவற்றை வளர்ப்பவர்களுக்குத்தான் தெரியும். உரிமம் அவர்களுக்கே போக வேண்டும். வரும் ஏப்ரல் சீசனுக்கு முன்பாக, வனச்சரகர், கால்நடை மருத்துவர், நகராட்சிப் பொறியாளர் ஆகியோர் குதிரைக்காரர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு, பொருத்தமெனத் தோன்றும் தடங்களை ஒருமுறை நடந்தே பார்வையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொடைக்கானல்வாசி ஒருவர்