அந்தச் சொல்லை வெட்டிவிடுங்கள், ஐயா

மதிப்புக்குரிய பொறுப்பதிகாரி ஐயாவுக்கு,

போன கிழமை உங்கள் கந்தோரின் காணிப் பிரிவில் நடந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும், முழுக்கதையும் சொல்லி மினக்கெடுத்த விரும்பவில்லை. சம்பூரிலிருந்து வந்த என் பெரியம்மாவின் விண்ணப்ப ஓரத்தில் உங்கள் உத்தியோகத்தர் சிவப்புப் பேனையால் 'இன்சொலன்ட்' (insolent, திமிர் பிடித்தவர்) என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை வெட்டிவிடுங்கள்.

பெரியம்மா சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, முகத்தைப் பார்த்துக் கதைச்சா என்ன?" காலையிலிருந்து நின்ற மனுசி, அவரோ போனை விட்டுத் தலை நிமிரவில்லை.

2006 யுத்தத்தில் உடுத்த துணியோடு ஓடியபோது தொலைந்த காணிப் பெர்மிட்டின் பிரதிக்காகத்தான் வருகிறார். இப்போது அந்தக் கோப்பு மேசைக்கு மேசை போகும்போது அந்தச் சொல்லும் கூடவே போகிறது. அடுத்த அறையில் இருந்தவர் கோப்பைத் திறந்ததும் முகம் மாறியது, கதிரையைக்கூடக் காட்டவில்லை. பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, வெளியே வந்து, "என்ர சீலை ஊத்தையா இருக்கோ?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல?

அந்தச் சொல் எங்கே புழங்குவது என்று உங்கள் உத்தியோகத்தருக்குத் தெரியுமோ தெரியாது. சமமானவர்கள் முரட்டுத்தனமாகப் பேசினால் 'ரூட்' (rude) என்றே போய்விடும், இதுவோ பெரும்பாலும் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை மதிக்காமல் பேசினார் என்று குற்றம்சாட்டும் சொல், வாத்தியார் மாணவனையும் எசமான் வேலைக்காரனையும் சொல்வது. என் பெரியம்மா யாருக்குக் கீழே, ஐயா? ஷேக்ஸ்பியரின் ஹம்லெட் மனிதன் பொறுக்கவேண்டிய துன்பங்களை அடுக்கும்போது 'இன்சொலன்ஸ் ஒஃப் ஒஃபிஸ்' என்கிறான், அதாவது பதவியில் இருப்பவர்களின் திமிர். அங்கே அந்தச் சொல் கவுண்டருக்கு உள்ளே இருப்பவர்களுக்கு! (தமிழில் எழுதினால் முன்பாதி 'இன்சொல்' என்று வருவதுதான் பெரிய பகிடி.)

அப்புறம், அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டு 16ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் அரச பதிவேடுகளைத் தமிழில் பேணச் சொல்கிறது. திட்டுவதற்கு மட்டும் இங்கிலீஷ் எப்படி வந்தது? தமிழில் எழுதினால் வந்தவர்கள் வாசித்துவிடுவார்கள் என்ற பயமாக்கும். உங்கள் வாசல் பலகையில் தமிழ் படும் பாட்டை நான் இங்கே தொடவில்லை.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது மன்னிப்புக் கடிதமோ இடமாற்றமோ அல்ல. அந்தச் சொல்லை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பத்தை வையுங்கள். பெர்மிட் பிரதி பற்றிய பதிலைத் தமிழில், அவர் பெயருக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அவருடைய பெறாமகன்
திருகோணமலை