புது ரிமோட் அனுப்ப வேண்டாம்

கல்லிடைக்குறிச்சி
கார்த்திகை முதல் வாரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

பொங்கலுக்கு வரும்போது வாங்கி வருவதாகச் சொன்னாயே, இன்டர்நெட்டில் ஓடும் அந்தப் புதுப் பெட்டி, அது வேண்டாம் ஐயா. பழைய செட்-டாப் பெட்டியின் ரிமோட் சரியாகிவிட்டது. போனில் இதை முழுதாகச் சொல்ல முடியவில்லை. உனக்கு வேலை நேரம், எனக்கு அடுப்பில் உலை. அதனால்தான் எழுதுகிறேன், ஆற அமர வாசி.

ஆச்சிக்கு வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இடது கண்ணில் ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. இருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். ஆனால் ஆச்சி டி.வி. போடுவதை நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ரிமோட்டைக் கையில் எடுத்ததும் பெருவிரல் நேரே 5க்குப் போகும். அந்தப் பொத்தானின் மேல், தடவினால் மட்டும் தெரிகிற ஒரு சின்னப் புள்ளி புடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. எட்டுக்கும் கீழே பூஜ்யம். இந்தக் கணக்கு ஆச்சியின் விரலுக்கு மனப்பாடம். விடியற்காலையில் யாரையும் எழுப்பாமல் தானே எழுந்து, தானே சேனல் எண்ணை அழுத்தி, பொதிகையில் பாட்டுக் கேட்பார். 2024 ஜனவரியிலிருந்து அதற்கு டி.டி. தமிழ் என்று பெயர் மாறிவிட்டது, ஆச்சிக்கு இன்னும் பொதிகைதான். நாள் முழுவதும் தண்ணீருக்கும் கைத்தடிக்கும் பிறரை அழைக்க வேண்டிய மனுஷிக்கு, யாரையும் கேட்காமல் செய்ய முடிகிற காரியம் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

நீ அனுப்பிய படத்தில் அந்தப் புது ரிமோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண்களே இல்லை. நடுவில் ஒரு வட்டம், சுற்றி நாலைந்து பொத்தான். திரையில் கட்டம் கட்டமாக வருவதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டும். பேசினால் கேட்கும் என்கிறாய். பல் இல்லாத வாயால் ஆச்சி பேசுவது சில நேரம் பக்கத்திலிருக்கும் எனக்கே பிடிபடுவதில்லை. இது ஆச்சிக்கு வசதி செய்வது ஆகாது, கையில் இருப்பதையும் பறிப்பதாக ஆகிவிடும். உன் அன்பைக் குறை சொல்லவில்லை ஐயா. நீ தூரத்தில் இருக்கிறாய், நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

இந்த ஐப்பசி முழுவதும் அடைமழை. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு நாள் காலையில் ஆச்சி எத்தனை அழுத்தியும் டி.வி. அசையவில்லை. அம்பாசமுத்திரத்தில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இது போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பழுது ரிமோட்டிலா, செட்-டாப் பெட்டியிலா என்றுகூடக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்? வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி விடை எழுதினால் நான் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பெட்டியைச் சோதித்தேன். அதன் முகப்பில் சேனலை ஏற்றி இறக்கப் பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றை அழுத்தினால் சேனல் மாறியது. பெட்டியின் கண்ணை, அதாவது முன்னால் இருக்கும் அந்தக் கருப்புக் கண்ணாடித் துண்டை, எதுவும் மறைக்கவில்லை. மழை நாளானதால் மேற்கு ஜன்னல் வெயிலும் அதன் மேல் விழவில்லை. நேர் வெயில் பட்டாலும் அந்தக் கண்ணுக்கு ரிமோட் சொல்வது விளங்காது, ஏனென்றால் சூரிய ஒளியிலும் அதே வகைக் கதிர் ஏராளமாக இருக்கிறது. ஆகப் பெட்டியின் மேல் குற்றமில்லை, ரிமோட்தான் வாய் திறக்கவில்லை என்று தெரிந்தது.

அதை உறுதி செய்யத்தான் உன் பழைய செல்போனை எடுத்தேன். வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல் 1800ஆம் ஆண்டில் முப்பட்டகத்தால் வெயிலைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததைச் சிறுவயதில் உனக்கும் சொல்லியிருக்கிறேன். சிவப்பைத் தாண்டி, நிறமே இல்லாத இடத்தில்தான் சூடு அதிகமாக ஏறியது. அந்த அகச்சிவப்புக் கதிரில்தான் ரிமோட் பேசுகிறது. அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர். நம் கண்ணோ 700ஐச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடும். ஆனால் செல்போன் கேமராவுக்கு அது கொஞ்சம் தெரியும். பின்பக்கக் கேமராவில் பல போன்களில் அதைத் தடுக்கும் வடிகட்டி வைத்திருப்பார்கள், முகம் பார்த்துப் படம் எடுக்கும் முன்பக்கக் கேமராவில் பாரு. விளக்கை அணைத்துவிட்டு, ரிமோட்டின் நுனியைக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால் திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். நான் அழுத்தினேன், ஒன்றும் மினுக்கவில்லை.

உன் மஸ்கட் அறையின் ஏ.சி. ரிமோட்டும் இதே இனம்தான். போன மாதம் அது வேலை செய்யவில்லை என்று வேறு வாங்கினாயே, பழையதை எறியாமல் வைத்திருந்தால் இப்படிப் பார்.

செல் போடும் மூடியைத் திறந்தால் சுருள் கம்பியின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. செல் கசிந்திருக்கிறது. நம்முடையது ஆல்கலைன் செல். அதிலிருந்து கசிவது காரம், காற்றுப் பட்டு வெள்ளை உப்பாகப் படிகிறது. ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, எலுமிச்சைச் சாற்றில் தோய்த்துத் துடைத்தேன். பொரபொரவென்று நுரைத்து விட்டுக்கொடுத்தது. சாதாரண விலை குறைந்த துத்தநாகச் செல் கசிந்தால் அது அமிலம், அங்கே எலுமிச்சை உதவாது. சமையல் சோடா கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். எதுவானாலும் விரலில் பட்டால் கழுவாமல் கண்ணைத் தொடாதே. பிறகு அப்பா உப்புத்தாளைக் கிழித்துக் கம்பியை மினுங்கும்வரை தேய்த்தார். ஃபேன் காற்றில் நன்றாக உலர வைத்தோம்.

புதுச் செல் இரண்டும் போட்டாயிற்று, அப்போதும் மினுக்கவில்லை. இந்த இடத்தில்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள். ரிமோட்டுக்குள் சிப் என்கிற ஒரு சில்லு இருக்கிறது. செல் சாகப்போகும் நேரத்தில் மின்னழுத்தம் கூடிக் குறைந்து, அந்தச் சில்லு பாதி வழியில் திகைத்து நின்றுவிடுவது உண்டு. செல்லை எடுத்துவிட்டு உடனே வேறு போட்டால், உள்ளே மின்தேக்கியில் மிச்சமிருக்கும் மின்சாரம் அதை அதே நிலையில் பிடித்து வைத்திருக்கும். ஆகவே செல்லைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை விரல் வலிக்கும்வரை அழுத்திப் பிடித்தேன். பிறகு ஒவ்வொரு பொத்தானையும் ஒரு முறை அழுத்தி, மிச்ச மின்சாரம் வடியட்டும் என்று வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்து செல்லைப் போட்டு அழுத்தினேன். செல்போன் திரையில் மினுக்கியது! அப்பாவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். ரீசெட் என்பது இவ்வளவுதான் ஐயா. பெட்டியையும் பிளக்கோடு பிடுங்கிச் சற்று நேரம் விட்டுத் திரும்பப் போட்டேன். அது எழுந்து, சிக்னலைத் தேடிப் பிடித்து, சேனல் வர நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் பொறுமை இழந்து எதையும் அழுத்தக் கூடாது.

சேனல் மாறியது, ஆனால் சத்தம் கூட்டும் பொத்தானும் டி.வி.யை அணைக்கும் பொத்தானும் வேலை செய்யவில்லை. அவை டி.வி.யின் சொந்த ரிமோட்டிடமிருந்து இந்த ரிமோட் கற்றுக்கொண்டவை. கற்றதை மறந்துவிட்டது போலும். டி.வி. ரிமோட்டைத் தேடினோம். பீரோவின் மேல்தட்டில், வாங்கிய நாளில் சுற்றிய பாலித்தீன் உறையோடு கிடந்தது. நம்முடைய ரிமோட்டில் டி.வி. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும். இரண்டு ரிமோட்டையும் தலையோடு தலை வைத்து, முதலில் இதில் கற்பிக்க வேண்டிய பொத்தானையும், பிறகு அதில் அதே பொத்தானையும் அழுத்த வேண்டும். விளக்குச் சிமிட்டினால் கற்றுக்கொண்டது என்று பொருள். கம்பெனிக்குக் கம்பெனி இந்த முறை மாறும், கூட வரும் தாளைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

ஆச்சி கையில் கொடுத்தோம். பெருவிரல் புள்ளிக்குப் போனது. முகம் மலர்ந்தது, உடனே சுருங்கிவிட்டது. "ஏழு விழவில்லை" என்றார். மற்ற எண்களுக்கெல்லாம் கேமராவில் மினுக்கல் தெரிந்தது, ஏழுக்கு மட்டும் இல்லை. ஆச்சி கேட்கும் சேனல் எண்ணில் ஏழு இருக்கிறதே! விட மனம் வரவில்லை. செல் அறைக்குள் இருந்த ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, காலாவதியான ஏ.டி.எம். கார்டை இடுக்கில் நுழைத்து மெல்ல நெம்பினால் ரிமோட் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே ஒரே ரப்பர் விரிப்பு, ஒரு பச்சைப் பலகை, அவ்வளவே. ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு கரி வட்டு. பலகையில் அதற்கு நேரே, இரண்டு சீப்பின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தது போல, தொட்டுக்கொள்ளாத இரண்டு தடங்கள். அழுத்தும்போது கரி வட்டு அந்த இரண்டையும் இணைக்கிறது. எந்தப் பொத்தான் என்று அறிந்த சில்லு, நுனியில் இருக்கும் விளக்கை விநாடிக்கு 38,000 முறை என்ற வேகத்தில் மினுக்கி, விட்டு விட்டுச் செய்தி அனுப்புகிறது.

ஏழின் அடியில் சாம்பல் நிறத்தில் பசையாக ஏதோ படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். திருநீறும் தேங்காய் எண்ணெயும். குளித்து, நெற்றி நிறையப் பூசி, தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு ஆச்சி அதிகம் அழுத்துவது அந்தப் பொத்தானைத்தான். ரப்பரை விரிப்போடு கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்தினேன். கரி வட்டைச் சுரண்டக் கூடாது, சுரண்டினால் கரியே போய்விடும். பலகையை மட்டும் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பூட்டி அழுத்தினோம், ஏழு விழுந்தது. இனி திருநீறு பூசியபின் கை துடைக்க ஒரு துண்டை டி.வி. அருகே தொங்கவிட்டிருக்கிறேன். ஆச்சியிடம் பூசாதீர்கள் என்று சொல்ல முடியுமா?

கசிந்த செல்களைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஆற்றங்கரையில் குப்பையோடு கொட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தாமிரபரணித் தண்ணீரைத்தானே நாம் எல்லோரும் குடிக்கிறோம்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று. இந்த மாடல் ரிமோட் கடைகளிலிருந்து மறைவதற்குள் இன்னும் இரண்டு வாங்கி வைத்துவிட வேண்டும். செல் மூடிக்குள் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை அப்பா படம் எடுத்து அனுப்புவார். நீ அங்கிருந்தே இணையத்தில் தேடி இந்த வீட்டு முகவரிக்குப் போடு. படத்தைப் பெரிதாக்கி, ஐந்தில் புள்ளி இருக்கிறதா, பொத்தான்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியாக எழும்பி நிற்கின்றனவா, வரிசை நம்முடையதைப் போலவே இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. தட்டையாக வழவழவென்று இருப்பதை வாங்காதே, விலை குறைவு என்றாலும். வந்ததும் அவற்றுக்கும் டி.வி. பொத்தான்களை நானே கற்பித்து, செல் போடாமல் பீரோவில் வைத்துக்கொள்கிறேன்.

புதுப் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் டிக்கெட்டை ஒரு வாரம் முன்னதாகப் போட முடியுமா என்று பார். திருவனந்தபுரத்தில் இறங்கினால் அப்பா கார் எடுத்துக்கொண்டு வருவார். ஆச்சிக்கு நல்ல பேரீச்சம்பழம் கொண்டு வா, கொட்டை எடுத்ததாக, மெத்தென்று இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா