பொட்டெசினியின் மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

சென்ற சனிக்கிழமை மாலை பலெர்மோவில், பல்லாரோ சந்தைக்குப் பக்கத்துச் சிறு மண்டபத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய டபுள் பாஸ் கலைஞர் ஜொவான்னி பொட்டெசினியின் இசையை வாசித்தேன். வந்தவர்கள் எல்லோரிடமும் நேரில் நன்றி சொல்ல நினைத்தேன். கூட்டத்தில் முடியாமல் போனதால் இந்த மடல்.

முதல் நன்றி என் ஆசிரியருக்கு. வயலின் போன்ற தந்தி வாத்தியங்களில் மிகப் பெரியதான டபுள் பாஸ் என்றால் பின்வரிசையில் நின்று மற்றவர்களைத் தாங்குவது என்றே பல வருடங்கள் இருந்துவிட்டேன். பொட்டெசினியின் 'எலெஜி' என்ற சோக இசைத் துண்டை என் முன்னால் வைத்தவர் அவர். மேல் ஸ்வரங்களில் நான் தந்தியை நெரித்தபோதெல்லாம் "அழுத்தாதே, தொடு" என்பார். ஒரு நாள் விரல்நுனி பட்டும் படாமலும் இருக்க, தந்திகளைத் தாங்கும் குதிரைக்கட்டைக்கு அருகே வில்லை இழுத்தேன். ஆளை விடப் பெரிய அந்தப் பெட்டிக்குள்ளிருந்து புல்லாங்குழல் போல ஒரு குரல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் குரலை மேடையின் முன்னுக்குக் கொண்டுவந்த மனிதர் இந்த வாத்தியத்துக்கு வந்ததே வேறு இடம் இல்லாததால்தான். 1821இல் இத்தாலியின் கிரேமா ஊரில் பிறந்தவர். 1835இல் மிலான் இசைக்கல்லூரியில் உதவித்தொகையோடு காலியாக இருந்தவை இரண்டே இடங்கள்: ஒன்று பஸூன் என்ற ஊதுகருவிக்கு, மற்றது டபுள் பாஸுக்கு. வயலின் பழகியிருந்த சிறுவன் சில வாரங்களில் டபுள் பாஸைக் கற்றுக்கொண்டு தேர்வுக்குப் போய் நின்றான். நான்கே ஆண்டுகளில் பரிசுப் பணத்தோடு வெளியே வந்து, 1716இல் வாத்தியக் கைவினைஞர் தெஸ்தோரே செய்த மூன்று தந்தி வாத்தியம் ஒன்றை வாங்கினான். அது ஒரு பொம்மலாட்ட அரங்கில் கிடந்தது என்று சொல்வார்கள். பிறகு ஹவானா, லண்டன் என்று உலகம் சுற்றினார்.

அவர் ஆபராக்கள் (பாடியே நடிக்கும் இசை நாடகங்கள்) எழுதியதை நானே தாமதமாகத்தான் அறிந்தேன். அவருடைய 'மரியோன் தெலோர்ம்' 1862இல் நம் பலெர்மோவிலேயே முதலில் அரங்கேறியது என்று எனக்குச் சொன்ன நூலகத்து அம்மையாருக்கு நன்றி. தினமும் நாம் நடக்கும் ஊர் இது! 1871இல் கெய்ரோவில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ஐடா' ஆபரா முதன்முதலாக மேடையேறியபோது இசைக்குழுவை நடத்தியவரும் பொட்டெசினிதான். ஐடாவைக் கொண்டாடும் இத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

வெர்டியின் பரிந்துரையால் 1889இல் பார்மா இசைக்கல்லூரிக்குத் தலைவரானவர் அதே ஆண்டு ஜூலையில் காலமானார். வயலின் மேதை பகனீனி துயிலும் பார்மாவின் வில்லெத்தா கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் இருக்கிறார். வேலை முடிந்த கையோடு அங்கே போய்ப் பூ வைத்துப் படம் அனுப்பிய பார்மா மைத்துனருக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

பியானோ வாசித்த அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தனி வாசிப்புக்கான மெல்லிய தந்திகளை ஒரு நண்பர் இரவல் தந்திருந்தார். அவற்றை வழக்கத்தை விட ஒரு முழு ஸ்வரம் ஏற்றிச் சுருதி கூட்ட வேண்டும். பியானோவும் அதற்கேற்ப ஏற வேண்டும். நான் வாங்கி வந்ததோ சாதாரணச் சுருதிக்கான பியானோ பிரதி. ஒத்திகையில் முதல் கூட்டொலியே காதைக் கிழித்தது. பிழை முழுக்க என்னுடையது. அக்கா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அன்றிரவே உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் பென்சிலால் சுருதி மாற்றி எழுதி, காலையில் கொண்டுவந்தார்.

வாத்தியத்தை மூன்றாம் மாடியிலிருந்து கீறல் படாமல் இறக்கி, திரும்ப ஏற்றியும் தந்த தம்பிமாருக்கும், தேநீரும் வடையும் சுமந்து வந்த மாமிமாருக்கும், முன்வரிசையில் இருந்துகொண்டு "இன்னொருக்கால்" என்று கேட்ட ஆச்சிக்கும் நன்றி. ஆச்சிக்காகத்தான் எலெஜியை இரண்டாம் முறை வாசித்தோம். முதல் முறையை விட அதுவே நன்றாக அமைந்தது.

அக்கா, உங்கள் பென்சில் பிரதி என்னிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுவருகிறேன்.