வச்சிடட்டுமா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். 33 வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று எழுதுவதைப் பார்த்தால் மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் உட்கார்ந்து மெயிலாக எழுதுகிறேன்.

விஷயம் பெரிதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டே சுரங்க ரயிலுக்குப் படி இறங்கினாய், எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு என்று நீயேதான் கேட்டாய், நான் 'பன்னிரண்டு பழத்துக்கு' என்று ஆரம்பித்ததும் லைன் போய்விட்டது. அதற்கு முந்தின ஞாயிறும் இதே கதைதான். சிக்னல் இல்லைம்மா என்று அப்புறம் மெசேஜ் போட்டாய், சரி, அது எனக்கும் தெரியும். அப்பாவும் உன் கட்சிதான், 'டவர் கிடைக்கலைன்னா அவ என்ன பண்ணுவா' என்றார். ஆனால் செத்துப்போன போனைக் காதில் வைத்துக்கொண்டு உப்பு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் வரைக்கும் நான் பாட்டுக்குச் சொல்லி முடித்திருக்கிறேன் பார், அதில்தான் எனக்குக் கோபம்.

ரெண்டு நாள் கழித்துத் தெருக்கோடியில் ஒரு சாவு. போய் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கம்போல யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்தோம். வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் தோன்றியது, நம் ஊரில் சொல்லாமல் கிளம்புவது இந்த ஒரு வீட்டிலிருந்துதானே என்று. அங்கே போய் 'வரேன்' என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். ஆஸ்பத்திரியிலும் அதே சட்டம். அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து கிளம்பின அன்று நர்ஸ் பெண்ணிடம் பழக்கதோஷத்தில் 'போயிட்டு வரோம்மா' என்று சொல்லிவிட்டேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு 'ஐயோ, வர வேண்டாம்மா' என்று சிரித்தாள்.

மற்ற எந்த வாசலாக இருந்தாலும் போவதைச் சொல்லும்போதே வருவதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நீ முதல்முதலாக ஜெர்மனிக்குக் கிளம்பின அன்று படியில் நின்றுகொண்டு 'சரி, போறேன் அப்பாயி' என்றாயே, விட்டார்களா அவர்கள்! பெட்டியோடு உன்னை உள்ளே கூப்பிட்டு, ஊஞ்சலில் உட்கார வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து, 'போயிட்டு வரேன்' என்று வாயால் சொல்ல வைத்துத்தான் அனுப்பினார்கள், வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மூடநம்பிக்கை என்று நீ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ரஷ்யாவில் பயணம் கிளம்புமுன் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் பெட்டி படுக்கையோடு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்களாம். துருக்கியில் போகிறவர்களின் வண்டிக்குப் பின்னால் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, தண்ணீர் மாதிரி போய்த் தண்ணீர் மாதிரி வா என்பார்களாம். அப்பாயி கும்பகோணத்தைத் தாண்டாமலே ரெண்டையும் செய்திருக்கிறார்கள்.

இந்த ஒரு வார்த்தையை உலகத்தில் மற்றவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று இந்த வாரம் முழுக்கத் தேடித் தேடிப் படித்தேன், ரிடையர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் நம்மைப் போலத்தான். தெலுங்கில் 'வெள்ளொஸ்தானு', கன்னடத்தில் 'ஹோகி பர்தீனி', மலையாளத்தில் 'போயிட்டு வராம்', கடல் தாண்டினால் யாழ்ப்பாணத்தில் 'போட்டு வாறன்', சிங்களத்தில் 'கிஹின் என்னம்', எல்லாமே போய்விட்டு வருவதுதான். மராட்டிப் பெண்கள் 'யேதே' என்பார்கள், வங்காளத்தில் 'ஆஷி', ரெண்டுக்கும் வருகிறேன் என்றுதான் அர்த்தம், போவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. நாமும் 'அப்ப நான் வரேன்' என்று சொல்லிவிட்டுத்தானே எதிர்ப்பக்கமாக நடக்கிறோம். இதில் என்னை உட்கார வைத்தது ஜப்பான்காரர்கள்தான். காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு 'இத்தேகிமாஸ்' என்று கத்துகிறது, போய்விட்டு வருகிறேன். உள்ளேயிருந்து அம்மா 'இத்தேராஷாய்' என்கிறாள், போய்விட்டு வா. அப்படியே நம் வீட்டுக் காலை நேரம், டிபன் பாக்ஸை மறந்துவிட்டுத் திரும்பி ஓடி வருவது ஒன்றுதான் பாக்கி. நமக்கெல்லாம் தெரிந்த 'சயோனாரா' இருக்கிறதே, அதைக் கூட்டிப் பார்த்தால் 'அப்படியென்றால்' என்றுதான் வருகிறதாம், அவ்வளவுதான், மேலே ஒன்றும் இல்லை. நம்முடைய 'அப்ப சரி' மாதிரி.

பிரெஞ்சு, சீனம், ரஷ்யன், உன் ஜெர்மன், இவை எல்லாம் மறுபடி பார்ப்போம் என்ற ஒரே வகைதான், அதில் பெரிய ருசி ஒன்றும் இல்லை. ஆனால் ரஷ்யர்கள் திரும்பவே பார்க்க மாட்டோம் என்று நினைத்தால் வேறு வார்த்தைக்குப் போய்விடுகிறார்கள், 'ப்ரஷாய்', மன்னித்துவிடு என்று. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்த் துணி மடித்தேன்.

குட்டி பிறந்தபோது நான் மூனிக்கில் இருந்த மூன்று மாதத்தில் உங்கள் மாடிப்படியிலேயே எத்தனை கேட்டேன் தெரியுமா, அப்போது அர்த்தம் தெரியாது. முதல் மாடிப் பாட்டி வரும்போதும் 'செர்வுஸ்', போகும்போதும் 'செர்வுஸ்'. அது லத்தீனில் அடிமை என்று அர்த்தமாம், உங்கள் அடிமை நான் என்று சொல்லிக் கும்பிடுவது. இத்தாலிக்காரர்கள் ஸ்டைலாகச் சொல்கிற 'சாவ்' கூட வெனிஸ் பக்கத்துப் பேச்சில் அடிமை என்ற சொல்தான் தேய்ந்து அப்படி ஆனது. சிரிக்காதே, பள்ளிக்கூட லீவ் லெட்டரில் 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' என்று பத்து வருஷம் எழுதினவள்தானே நீ, அதில் ஒரு நாளாவது கீழ்ப்படிந்தாயா! அதே பாட்டி அப்பாவைப் பார்த்தால் மட்டும் 'ஃபியாட் டி' என்பார், அப்பா அதை ஃபியட் கார் என்று நினைத்துத் திருப்பிச் சொல்லுவார், அதற்கு அர்த்தம் கடவுள் உன்னைக் காக்கட்டும் என்பது. நம் கறுப்புச் சட்டைக்காரர் மூன்று மாதம் மாடிப்படியில் ஏறி இறங்கிக் கடவுள் பேரால் வாழ்த்திக்கொண்டு இருந்திருக்கிறார். இதை நேற்று சொன்னதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, 'இனிமே பைன்னு மட்டும் சொல்றேன்' என்றார். அதிலும் தப்பிக்க முடியாது. கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்ற நீள வாக்கியத்தை இங்கிலீஷ்காரர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே அவசரத்தில் மென்று முழுங்கி 'குட்பை' ஆக்கி, அப்புறம் அதிலும் முன்பாதியை வெட்டிவிட்டார்கள். நம் கைக்கு வந்தபோது பை மட்டும்தான் மிச்சம், நமக்கு அது கடைக்கு எடுத்துப் போவது.

குட்டி 'ச்சூஸ் பாட்டி' என்று சொல்லும்போது முதலில் நான் ஜூஸ் கேட்கிறது என்று நினைத்து, 'அம்மாகிட்ட கேளு கண்ணு, போட்டுத் தருவா' என்றேனே, அந்த ச்சூஸும் பிரெஞ்சுக்காரர்களின் 'அத்யூ' வகையறாதானாம், அதற்குள்ளும் கடவுள்தான் இருக்கிறார். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, போகிறவருக்கு ஒன்று, இருக்கிறவருக்கு ஒன்று என்று ரெண்டு வார்த்தை வைத்திருப்பவர்கள். மலேசியாவிலிருந்து ஈப்போ சித்தப்பா வந்துவிட்டுக் கிளம்பும்போது மலாயில் 'செலாமாட் திங்கால்' என்பார், நலமாக இருங்கள் என்று நம்மைப் பார்த்து. நாம் அவருக்கு 'செலாமாட் ஜாலான்' சொல்ல வேண்டும், நலமாகப் போங்கள். நாம் மாற்றிச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்குவோம். கொரியாவிலும் அப்படியே, 'அன்னியோங்ஹி காசேயோ', 'அன்னியோங்ஹி கேசேயோ', போகிறவருக்குக் கா, இருக்கிறவருக்குக் கே. தென்னாப்பிரிக்காவில் ஜூலு பேசுகிறவர்களும் நன்றாகப் போ, நன்றாக இரு என்று பிரித்துத்தான் சொல்கிறார்கள்.

இதை எல்லாம் படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று தட்டியது. போனில் யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள்? நீயும் எங்கும் போவதில்லை, நானும் இதே நாற்காலியில்தான். அப்போது எதைச் சொல்வது? போயிட்டு வரேன் என்றால் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கும். 1878இல் அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் அச்சடித்த டெலிபோன் புத்தகத்திலேயே இதற்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள், பேசி முடித்ததும் 'தட் இஸ் ஆல்' என்று சொல்லவும், எதிர்ப்பக்கம் 'ஓகே' சொல்லவும் என்று. யாராவது மகளிடம் 'அவ்வளவுதான்' என்று சொல்லிப் போனை வைப்பார்களா, நல்லவேளை அது நிலைக்கவில்லை. உங்கள் ஜெர்மன்காரர்கள் மறுபடி பார்ப்போம் என்பதை மாற்றி மறுபடி கேட்போம் என்று ஆக்கிவிட்டார்களாமே, 'ஆவ்ஃப் வீடர்ஹோரன்'. அது நன்றாகத்தான் இருக்கிறது. கொரியாவில் வெட்டிவிடுகிறேன் என்பார்கள், இந்தியில் 'ரக்தா ஹூம்', வைக்கிறேன் என்பார்கள். நாமும் வைக்கிறோம், ரிசீவரே இல்லாத காலத்தில் எதை எங்கே வைக்கிறோம் என்று தெரியவில்லை, ஆனாலும் வைக்கிறோம். சும்மா வைப்பதுகூட இல்லை, 'வச்சிடட்டுமா' என்று கேட்டுவிட்டு வைக்கிறோம்.

நான் 1983இல் டிரங்க் எக்ஸ்சேஞ்சில், அதுதான் வெளியூர் போனுக்கு லைன் போட்டுக் கொடுக்கிற இடத்தில், வேலைக்குச் சேர்ந்தவள், எத்தனை ஆயிரம் பேர் போனை வைப்பதைக் கேட்டிருப்பேன். ஒட்டுக்கேட்பது இல்லை, 3 நிமிடத்துக்கு ஒரு கணக்கு, அது முடிகிற நேரம் லைனில் நுழைந்து 'மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா' என்று கேட்கிறது எங்கள் வேலை. அப்போது தெரியும், ரெண்டே முக்கால் நிமிடம் 'அப்புறம்', 'வேற என்ன', 'சொல்லு' என்றே ஓட்டியிருப்பார்கள், முக்கியமான விஷயம் அப்போதுதான் வாய்க்கு வரும். ஒரு மழை ராத்திரி ஒரு வயசான அம்மா பம்பாயில் இருக்கிற மகனுக்குப் புக் பண்ணிவிட்டு ஆபீஸ் பெஞ்சில் மூன்று மணி நேரம் காத்திருந்தார், ஈரப் புடவையோடு. லைன் கிடைத்து, சாப்பிட்டியா, மழையா, மாடு கன்னு போட்டுச்சு, இவ்வளவுதான் பேச்சு. நான் நுழைந்து 3 நிமிடம் ஆச்சு என்றதும் அந்த அம்மா பதறிப்போய், மகனிடம் இல்லை, என்னிடம் சொன்னார், 'ஆத்தா, இன்னும் அவங்கிட்ட சொல்லிக்கலையே' என்று. லைனைச் சேர்க்கிற வயரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன், பிடுங்கவில்லை. அவர் 'வச்சிடட்டுமாப்பா?' என்று கேட்டார், அந்தப் பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் 'சரிம்மா, வைங்க' என்றான். அந்த அரை நிமிடத்தை நான் காசு கணக்கு எழுதுகிற டிக்கெட்டில் எழுதவில்லை, இப்போது யார் வந்து கேட்கப் போகிறார்கள்.

மேடையில் எல்லாரும் 'நன்றி கூறி விடைபெறுகிறேன்' என்பார்கள், எனக்கு அது எப்போதும் கஞ்சிபோட்ட சட்டை மாதிரிதான். யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் விடை கொடுப்பதும் இல்லை, அவர்களாகவே பெற்றுக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். உண்மையில் விடை கேட்டுப் பெறுகிறவர்கள் போனில் வச்சிடட்டுமா என்று கேட்கிறவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சில பேரிடம் அந்த விடை லேசில் கிடைக்காது, உன் பெரியத்தை 'ம்ம்' சொல்லிவிட்டு அதற்கு மேல் கால் மணி நேரம் பேசுவாள், அது வேறு.

அதனால் கேட்கிறேன், படி இறங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடு. பை என்றாலும் சரி, ச்சூஸ் என்றாலும் சரி, அந்த மறுபடி கேட்போம் என்றாலும் சரி, அப்பா பாஷையில் ஃபியட் காராக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போகாதே. குட்டிக்கு மட்டும் 'வச்சிடட்டுமா பாட்டி' சொல்லிக்கொடு, 'டட்டுமா' அதன் வாயில் எப்படி வருகிறது என்று எனக்குக் கேட்க வேண்டும்.

உப்புக் கணக்கு: பன்னிரண்டு பழத்துக்கு அரை டம்ளர் கல்லுப்பு, நல்ல பெரிய பழமாக இருந்தால் ஒரு கை கூட. பழத்தைக் கழுவித் துடைத்து, ஈரம் துளி இல்லாமல் நறுக்கு. உங்கள் ஊர் வெயிலை நம்பாதே, ஜாடியை ஜன்னலோரம் வைத்துத் தினம் ஒருமுறை குலுக்கு, தோல் மெத்தென்று ஆனதும் தாளிக்கலாம். மிளகாய்த்தூள் நான் அரைத்து வைத்திருக்கிறேன், ஆகஸ்ட் லீவுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

மற்றவை நேரில்.

அம்மா