யோசிக்க நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், வார இறுதிச் சுற்றுலாவுக்குப் போன இடத்தில் ஓர் இளைஞர் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டும் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். சுற்றிலும் உயர்த்திய செல்போன்கள். கீழே 'எதிர்பாராத இன்பம்' என்று ஒரு வரி. அந்தப் பெண் மகிழ்ச்சியாகவே இருந்திருக்கலாம். அவரைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் அதே போன்ற ஒரு கூட்டத்தின் நடுவில் போன மாதம் என் தங்கை மகள் நின்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நண்பர்களோடு இரண்டு நாள் பயணம். இரவு விடுதி முற்றத்தில் திடீரென்று விளக்கை அணைத்தார்கள், பாட்டு ஒலித்தது, ஓராண்டாகப் பழகியவர் மண்டியிட்டார். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைதட்டி, "சரி சொல்லு, சரி சொல்லு" என்றார்களாம். அவளும் சொல்லிவிட்டாள். ஊர் திரும்பியவள் தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல் என்னிடம் கேட்டாள்: "அத்தனை பேர் பார்க்கும்போது வேறு என்ன சொல்ல முடியும், பெரியம்மா?" அவரைப் பிடிக்காமல் இல்லை. வேலையை விட வேண்டியிருக்குமா, எந்த ஊரில் இருப்பது என்று அவளுக்குள் முடிவாகாத விஷயங்கள் இருந்தன. அவற்றை வாய்விட்டுச் சொல்ல அங்கே இடமே இல்லை.

திடீரென்று கேட்பதையே நான் குறை சொல்லவில்லை. என்னையும் அப்படித்தான் கேட்டார்கள்.

1991இல் அலுவலகத்தில் பதினான்கு பேர் சேர்ந்து சனி, ஞாயிறு மலைக்குப் போயிருந்தோம். இறங்கும் வழியில் வேன் பஞ்சர், கூடவே மழை. ஸ்டெப்னி மாற்றும் வரை நானும் கணக்குப் பிரிவில் இருந்த அவரும் சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். அவர் நனைந்த காலுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்தபடியே, "நாம் இருவரும் திருமணம் செய்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு எப்படி?" என்றார். வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த பேச்சு அல்ல அது. "யோசிக்க வேண்டும்" என்றேன். "தாராளமாக" என்றார்.

வேன் கிளம்பியது. வரும்போதெல்லாம் என் பக்கத்து இருக்கையில் வந்தவர், இப்போது போய் டிரைவர் அருகே உட்கார்ந்துகொண்டார். மூன்று மணி நேரம் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சங்கடப்படக் கூடாது என்றுதான் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. பதினோரு நாள் கழித்துச் சம்மதம் சொன்னேன்; அதுவரை அவர் கோப்புகளைப் பற்றி மட்டுமே பேசினார். ஆனால் இவரை நம்பலாம் என்று மனத்தில் விழுந்தது பக்கத்தில் காலியாகக் கிடந்த அந்த இருக்கையைப் பார்த்தபோதுதான்.

கேட்பவர் மாதக்கணக்கில் யோசித்திருப்பார். கேட்கப்படுபவருக்குத்தான் அது நொடிப்பொழுது. விஞ்ஞானி சார்லஸ் டார்வின் 1838இல் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, மணம் செய்வதால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று எழுதிப் பார்த்தவர். பிறகு நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தபோது மாமன் மகள் எம்மாவிடம் கேட்டார். எம்மா சம்மதித்தார். சம்மதித்த கையோடு, திகைப்பு மாறாமல், வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார். அங்கும் மனம் ஒன்றாமல் திரும்பி வந்தார். விரும்பிச் சொன்ன சம்மதத்துக்கே இவ்வளவு தடுமாற்றம். எம்மாவுக்கு எழுந்து போக ஒரு வாசலாவது இருந்தது. என் தங்கை மகளைச் சுற்றி இருந்ததெல்லாம் கேமராக்கள்.

வைர மோதிரம் இல்லாமல் கேட்டால் மதிப்பில்லை என்று இளைஞர்கள் நினைப்பதும் வருத்தமாக இருக்கிறது. 'வைரம் என்றென்றைக்கும்' என்பது 1947இல் டி பியர்ஸ் என்ற வைர வணிக நிறுவனத்துக்காக எழுதப்பட்ட விளம்பர வாசகம். மோதிரம் கொடுப்பது தவறல்ல. எல்லோர் முன்னிலையிலும் அதை நீட்டும்போது, மறுப்பவள் பரிசையும் சேர்த்து அவமதித்தவளாகிவிடுகிறாள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய படங்களை வெளியிடுமுன், கேட்கப்பட்டவரிடம் ஒரு வாரம் கழித்துப் பேசுங்கள். அவர் மனமார ஒப்புக்கொண்டால் படத்தோடு அவர் சொன்னதையும் போடுங்கள். பெண்ணானாலும் ஆணானாலும் சரி.

என் தங்கை மகள் அந்த இளைஞரிடம் இன்னும் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். முதல் இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள், நண்பர்கள் பரப்பிய வீடியோவை நீக்கச் சொல்லிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இது எனக்கு நல்ல அறிகுறியாகப் படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி