மனநல சமூகப் பணியாளர் எந்த அறையில் இருக்கிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை அட்மிட் ஆகி வீட்டுக்கு வந்தபோது, டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் ‘பி.எஸ்.டபிள்யூ.வைப் பார்க்கவும்’ என்று டாக்டர் எழுதியிருந்தார். அது ஒரு ஆளா, ஏதாவது டெஸ்ட்டா என்றே எனக்குத் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் ‘சோசியல் ஒர்க்கர்’ என்று சொன்னார்.

எங்களுடையது தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் விசாரித்தேன். “சோசியல் ஒர்க்கர்னா கலெக்டர் ஆபீஸ்ல போய்க் கேளும்மா” என்றார்கள். அங்கே சமூக நலப் பிரிவில், இது எங்கள் வேலை இல்லை, மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்குப் போங்கள் என்றார்கள், அங்கே போனால் முதலில் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றார்கள். நான் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், மூன்று நாள் சம்பளம் போனது. போனில் தேடிப் பார்த்தாலும் சென்னை, கோயம்புத்தூர் முகவரிகளாகத்தான் வந்தன. சரி, டாக்டரைப் பார்த்தாயிற்று, மாத்திரை இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டேன். எட்டாவது மாதம் தம்பி மாத்திரையை நிறுத்தியிருக்கிறான், எங்களுக்குத் தெரியாது. மறுபடியும் அட்மிஷன்.

அந்த இரண்டாவது தடவைதான் வார்டில் ஒரு நர்ஸம்மா சொன்னார்கள், “மாடிப்படிக்கு அடியில இருக்கிற ரூம்ல வியாழக்கிழமை உட்காருவாங்க, மத்த நாள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போயிடுவாங்க.” முதல் தடவை அதே படியில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பேன்! கதவில் பெயரும் இல்லை, கிழமையும் இல்லை.

அந்த அறையில் இருந்த மனநல சமூகப் பணியாளர் (பி.எஸ்.டபிள்யூ. என்பது இவர்கள்தான்) செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒருநாள் மதியம் வீட்டுக்கே வந்தார்கள். அம்மா நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், கொஞ்சம் இருங்கம்மா என்று சொல்லிவிட்டு, “நீங்க சொல்லுங்க தம்பி, காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்?” என்று கேட்டார்கள். அவன் அதிகாலை ஐந்து மணிக்குப் பால் சொசைட்டியில் கேன் தூக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை போட்டால் விடியற்காலையில் கண்ணே திறக்க முடியவில்லை, இரண்டு தடவை கேனைக் கீழே போட்டு ஏச்சு வாங்கியிருக்கிறான், அதனால் மாத்திரையைத் துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். ஒரே வீட்டில் இருக்கிற நாங்கள் யாரும் இதைக் கேட்கவே இல்லை. “மாத்திரை போட்டியா, மாத்திரை போட்டியா” என்று மட்டும்தான் கேட்டோம். அவர்கள் டாக்டரிடம் பேசி மாத்திரை நேரத்தைச் சாயந்திரத்துக்கு மாற்ற வைத்தார்கள், அப்புறம் சொசைட்டிக்காரரிடமும் நேரில் போய்ப் பேசினார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதும், அதற்குச் சான்றிதழும் அடையாள அட்டையும் உண்டு என்பதும் அவர்கள் சொல்லித்தான் தெரியும். தம்பி இப்போது மூன்று வருஷமாக அதே வேலையில் இருக்கிறான்.

நம்மூரில் சமூக சேவகர் என்றால் நோட்டுப்புத்தகம், வேட்டி சேலை கொடுப்பவர் என்றுதான் நினைக்கிறோம், அதனால்தான் நானும் தப்பான கதவுகளைத் தட்டினேன். இவர்கள் படிப்பே வேறு. சமூகப் பணியில் முதுகலை, அதற்கு மேல் மனநல சமூகப் பணியில் இரண்டு வருஷம் மருத்துவமனைப் பயிற்சியோடு எம்.ஃபில். என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ‘கவுன்சலிங்’ என்று போர்டு போட்டிருப்பவர்களிடம் போகிறவர்கள் இந்தப் படிப்பைக் கேட்டுவிட்டுப் போங்கள், கேட்பதில் தப்பே இல்லை. பணம் கொடுத்துத் தனியாரிடம்தான் போக வேண்டும் என்றும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல மருத்துவரோடு இந்தப் பணியாளருக்கும் இடம் உண்டு. 1996இல் நாட்டில் தொடங்கிய திட்டம் அது.

ராத்திரியில் அவசரமாகப் பேச வேண்டும் என்றால் 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். நான் ஒருமுறை பேசியிருக்கிறேன், பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் துவைக்கிற கல்லுக்கு அடியில் இருக்கும் மாத்திரையைக் கண்டுபிடிக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும், இல்லையா?

அதே 2017 சட்டம், மாநில மனநல ஆணையம் இந்தப் பணியாளர்களைப் பதிவு செய்து அந்தப் பட்டியலை வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பட்டியல் மாவட்டவாரியாக, தமிழில், ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியின் ஓ.பி. சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். எந்த அறை, எந்தக் கிழமை என்று கதவில் எழுதி வைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும். டிஸ்சார்ஜ் சீட்டிலும் மூன்று எழுத்துச் சுருக்கத்துக்குப் பதிலாக அந்த அறை எண்ணையே எழுதிக் கொடுக்கட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது என்பதை உங்கள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அதே பக்கத்தில், மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை எந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருகிறது என்று மாதம் ஒருமுறை ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி