கொத்திக்கொள்ளும் குஞ்சுகளுக்கு அலகு வெட்டுவது தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புறப் பெண்களுக்கு நான்கு வார வயதுடைய நாட்டினக் கோழிக்குஞ்சுகளை மானியத்தில் வழங்கும் திட்டங்களைக் கால்நடை பராமரிப்புத் துறை நடத்திவருகிறது. பயனுள்ள திட்டம், அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் குஞ்சுகளை வாங்கிச் செல்பவர்களிடம் தடுப்பூசி பற்றியும் தீவனம் பற்றியும் பேசப்படும் அளவுக்கு, அவை ஒன்றையொன்று ஏன் கொத்துகின்றன, வளர்ப்பவரையே ஏன் தாக்குகின்றன என்பது பேசப்படுவதில்லை. வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே வாலடி சிவந்து இறகு பிடுங்கப்பட்டு நிற்கும் குஞ்சைப் பார்த்துவிட்டு, "இது சண்டைக்கார இனம்" என்று முடிவுகட்டி, கொத்தும் குஞ்சின் அலகு நுனியை நகவெட்டியால் நறுக்குவோர் எங்கள் பகுதியில் உண்டு. அது தேவையற்ற கொடுமை என்பதோடு, பிரச்சினையையும் தீர்ப்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எது விளையாட்டுச் சண்டை, எது ஆபத்து என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இரண்டு மூன்று வார வயதிலிருந்தே குஞ்சுகள் எதிரெதிரே நின்று, கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு முறைத்து, நெஞ்சோடு நெஞ்சு மோதும்படி எம்பிக் குதிக்கும். சில நொடிகளில் ஒன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்துவிடும். மற்றது பெரும்பாலும் அதைத் துரத்துவதில்லை. இரை எடுப்பதில் யார் முந்துவது, யார் ஒதுங்கி வழிவிடுவது என்ற வரிசை இப்படித்தான் உருவாகிறது. நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லீஃப் ஷெல்டரூப்-எபெ இந்த வரிசையைப் பற்றி 1920-களின் தொடக்கத்திலேயே விரிவாக எழுதியிருக்கிறார். நம் வீட்டுப் பாட்டிமார் அவர் பெயரைக் கேட்டவர்கள் அல்லர். ஆனாலும் "அதுகளா தீத்துக்கும், நீ கைய வெக்காத" என்று அவர்கள் சொன்னது சரியான அறிவுரைதான். ஒவ்வொரு முறையும் நாம் புகுந்து விலக்கிவிட்டால் வரிசை முடிவாகாமல் அதே சண்டை மறுநாளும் தொடரும். அசில் வழிவந்த பெருவிடைக் குஞ்சுகள் மட்டும் இதற்கு விலக்கு. கட்டுச்சேவலுக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை என்பதால், அவற்றின் சேவல் குஞ்சுகள் சிறு வயதிலேயே விட்டுக்கொடுக்காமல் அடித்துக்கொள்ளும். முகம் வீங்கும் வரை காத்திராமல் அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, முறைப்பும் சிலிர்ப்பும் இல்லாமல், பின்னாலிருந்து சத்தமின்றி வந்து மற்றொரு குஞ்சின் வாலடியிலோ முதுகிலோ இறகைப் பிடுங்கும் பழக்கத்தைப் பற்றித்தான். இதில் கோபமே கிடையாது. தரையைக் கிளறிப் பூச்சி பொறுக்க வேண்டிய அலகு, கிளறுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் பக்கத்துக் குஞ்சின் மேல் திரும்பிவிடுகிறது. முளைத்துவரும் இளம் இறகின் தண்டில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கினால் ஒரு துளியேனும் கசியும். சிவப்பைக் கண்டதும் மற்றக் குஞ்சுகளும் அதே இடத்தில் கொத்தும். இறகுதானே போயிற்று என்று காலையில் விட்டுவிட்டால், மாலைக்குள் குடல் வெளிவந்து குஞ்சு இறந்து கிடப்பதும் உண்டு. ஆறாத அந்தப் புண் வழியாகக் கோழி அம்மைக் கிருமியும் உள்ளே புகலாம்.

இப்பழக்கத்துக்கான காரணங்களைக் குஞ்சின் குணத்தில் தேடுவதைவிட, அதன் கூண்டிலும் தீவனத் தட்டிலும் தேடுவது நல்லது. நான்கு வாரம் வரை குஞ்சு ஒன்றுக்கு அரை சதுர அடி இடம் போதும். அதற்குப் பிறகு எட்டு வாரம் வரை ஒரு சதுர அடியாவது வேண்டும். வந்த அன்று தாராளமாகத் தெரிந்த அதே பஞ்சாரமோ அட்டைப்பெட்டியோ இரண்டே வாரத்தில் நெரிசலாகிவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை. சூடும் அப்படித்தான். பொரித்த முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படும் குஞ்சுக்கு, வாரந்தோறும் மூன்று டிகிரி அளவில் அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்; இறகு முளைத்த நான்கு வாரக் குஞ்சுக்குச் சித்திரை வெயிலில் பகலில் விளக்கே தேவையில்லை. ஆனால் பாதுகாப்பு என்று நினைத்து நூறு வாட் வெள்ளைக் குண்டு பல்பை இரவு பகலாக எரியவிடுகிறார்கள். வெப்பத்தில் எரிச்சலடைந்து, தூக்கமும் இல்லாமல், வெட்டவெளிச்சத்தில் ஒன்றின் உடலை மற்றொன்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் குஞ்சுகள் கொத்திக்கொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு. குளிர்காலத்தில் சூடு தேவைப்பட்டால் சிவப்பு பல்பு போடலாம். அந்த வெளிச்சத்தில் இரத்தம் தனித்துத் தெரியாது.

தீவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இறகு என்பது பெரும்பகுதி புரதம். இறகு முளைக்கும் பருவத்தில் புரதம் குறைந்தால் குஞ்சு அதைப் பக்கத்துக் குஞ்சின் முதுகில் தேடும். குஞ்சுத் தீவனத்தில் இருபது சதவீத அளவில் புரதம் இருக்க வேண்டும் என்கிறார்கள். நாம் போடும் நொய்யரிசியில் அதில் பாதிகூட இல்லை; கம்பிலும் ஏறத்தாழப் பாதிதான். கடைத் தீவனம் வாங்க முடியாதவர்கள் கடலைப் புண்ணாக்கையும் உப்பிடாத மீன்தூளையும் சிறிதளவு கலந்து கொடுக்கலாம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மட்டும் கண்டிப்பாகத் தொடக்கூடாது. ஈரச் சாணமும் வைக்கோலும் நிரப்பிய பழைய பானையை மாலையில் தரையில் கவிழ்த்து வைத்துக் காலையில் கரையான் எடுத்துப் போடும் நம் ஊர் வழக்கம், புரதத்தோடு குஞ்சுகளுக்குக் கிளறும் வேலையையும் கொடுக்கிறது. முருங்கைக் கொத்தையோ அகத்திக் கொத்தையோ குஞ்சின் தலைக்குச் சற்று மேலே, எட்டிக் கொத்தும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள்: வாலைக் குறிவைத்த அலகுகள் எல்லாம் கீரையின் பக்கம் திரும்பிவிடும். தீவனத்தில் உப்பு குறைந்தாலும் கொத்தும் பழக்கம் வரும் என்பது உண்மையே. அதற்காகக் கையளவு உப்பை அள்ளிப் போடுவது குஞ்சுகளை நேரடியாகக் கொன்றுவிடும்.

காயம்பட்ட குஞ்சை உடனே தனியே பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, சிவப்பு முழுவதும் மறைந்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும். பிடுங்கும் பழக்கத்தைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு குஞ்சுகளே. அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கவனித்தால் அவை எவை என்று தெரிந்துவிடும். அவற்றையும் சில நாட்கள் பிரித்து வைத்தால் போதும், அலகை வெட்ட வேண்டியதில்லை. அலகு நகத்தைப் போன்றதன்று. அதன் நுனி வரை நரம்புகள் இருக்கின்றன. கூண்டில் ஆயிரக்கணக்கில் முட்டைக்கோழி வளர்க்கும் பண்ணைகள் அலகு வெட்டுவதற்கு ஒரு கணக்குச் சொல்கின்றன. அது தனி விவாதம். மேய்ந்து வயிறு நிரப்ப வேண்டிய புறக்கடைக் கோழிக்கு அலகு போனால் கரையானையும் பொறுக்க முடியாது, தன் இறகில் உள்ள பேனையும் எடுக்க முடியாது.

மனிதரைக் கொத்தும் குஞ்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலிருந்து இறங்கும் கை, குஞ்சின் கண்ணுக்குப் பருந்தாகவே தெரியும். அலறி ஓடுவதும் பிடித்தால் கொத்துவதும் தற்காப்பே. பக்கவாட்டில் உட்கார்ந்து, தரையோடு தரையாக உள்ளங்கையில் தீவனத்தை நீட்டினால் சில நாட்களில் பயம் தெளியும். குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழி பாய்வதும் இதே வகைதான். வேறு குஞ்சுகளை அதனோடு சேர்க்க வேண்டுமென்றால், பொரித்துச் சில நாட்களுக்கு மேல் ஆகாதவையாகப் பார்த்து, இருட்டிய பிறகு அதன் இறகுக்கடியில் நழுவவிட வேண்டும். பகலில் விட்டால் கொத்தியே கொன்றுவிடும்.

நான்கைந்து மாதத்தில் குரல் உடைந்து கூவத் தொடங்கும் இளஞ்சேவலின் பாய்ச்சல் இவற்றிலிருந்து வேறுபட்டது. ஒரு சிறகைத் தாழ்த்திக்கொண்டு பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து நம்மைச் சுற்றினால் அது சவால் விடுகிறது என்று பொருள். உதைத்தால் சண்டையை ஏற்றுக்கொண்டதாகவும், ஓடினால் தோற்றுவிட்டதாகவும் அது எடுத்துக்கொள்ளும். அசையாமல் நின்று, பாயும்போது பிடித்து, திமிறல் அடங்கும் வரை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிறகு இறக்கிவிட்டால், பல சேவல்கள் நாளடைவில் தணிந்துவிடும். தணியாத சேவலை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் இந்தக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கும். அது குழம்புக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. சேவலின் உயரம் சிறு பிள்ளைகளின் முகத்துக்கு எட்டும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் தயக்கமே கூடாது.

துறையினரிடம் நான் கேட்பது பெரிய செலவில்லாதது. நான்கு வாரம் என்பது குஞ்சுகள் தமக்குள் வரிசை வகுத்துக்கொண்டிருக்கும் பருவம். அந்த நேரத்தில் வெவ்வேறு கூட்டத்துக் குஞ்சுகளை ஒரே பெட்டியில் கலந்து கொடுத்தால் எல்லாச் சண்டையும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஒரு பயனாளிக்கு ஒரே கொட்டகையில் ஒன்றாக வளர்ந்த குஞ்சுகளையே வழங்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே கோழிகள் இருந்தால், முதல் ஒரு வாரம் வலைத் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்க்க மட்டும் விட்டு, பிறகு தனித்தனியாக இரண்டு தீவனத் தட்டு வைத்துச் சேர்க்க வேண்டும் என்பதை வழங்கும் நாளன்றே பயனாளிகளுக்குச் சொல்ல வேண்டும். இடம், வெளிச்சம், புரதம், புண் ஆகிய நான்கையும் பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கையை, 1962 என்ற கால்நடை மருத்துவ ஊர்தி எண்ணையும் அச்சிட்டு, குஞ்சுப் பெட்டியோடு சேர்த்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்க்கும் வாசகர்,
தாராபுரம் வட்டம்.